முதலில் அச்சு காயட்டும்

ஏழாவது கிண்ணம்தான் உடையாமல் கழன்று வந்தது.

இன்று வீட்டில் குவே பை டீ செய்தேன். மொறுமொறுப்பான சின்ன மாவுக் கிண்ணத்தில் வேகவைத்த கிழங்கை நிரப்பிச் சாப்பிடும் பலகாரம் அது. பித்தளை அச்சை மாவில் முக்கி எண்ணெயில் விட்டால், மாவு அச்சைப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. அப்புறம்தான், தீபாவளிக்கு அச்சு முறுக்கு சுடும்போது அம்மா சொல்வது நினைவுக்கு வந்தது: முதலில் அச்சை எண்ணெயில் காயவிடு, மேல் விளிம்புவரை மாவில் முக்காதே.

அதேதான். சூடான அச்சு மாவைத் தொட்டதும் ‘ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம். அது கேட்டால் கிண்ணம் தானே கழன்றுவிடும்.

உள்ளே வைக்கும் செங்குவாங் என்கிற நீர்ப்பதமான வெள்ளைக் கிழங்கைக் கையால்தான் மெல்லிசாக நறுக்கினேன், துருவினால் நீர்விட்டுக் குழைந்துவிடும். பூண்டு, காய்ந்த இறால், சோயா விழுது சேர்த்து வேகவைத்ததில் வீடெல்லாம் வாசம்.

குவே பை டீ பெரனாக்கான் வீட்டுப் பலகாரம். வெளியிலிருந்து வந்து மலாய் மண்ணில் குடியேறி, உள்ளூரில் மணம் செய்துகொண்டவர்களின் வழிவந்தவர்கள்தான் பெரனாக்கான்கள். பெரனாக்கான் என்றதும் பலருக்கும் சீன வழியினர்தான் நினைவுக்கு வருவார்கள். சுல்தான்கள் காலத்து மலாக்காவில் குடியேறி, உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளும் பெரனாக்கான்கள்தான். வீட்டில் மலாய் பேசுவார்கள், பொங்கலும் கொண்டாடுவார்கள். அடுப்படியில் நின்றபோது அவர்கள் வீட்டுப் பாட்டிகளையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவுக்கு ஒரு டப்பா தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். கிண்ணம் தனி, கிழங்கு தனி. முன்னாடியே நிரப்பினால் நமத்துப்போகும்.