உலர் பழக் கிடங்கில் ஒட்டுண்ணிக் குளவிகள்

உலர் திராட்சை, அத்தி, பேரீச்சை ஆகியவற்றைச் சேமித்து வைக்கும் இடங்களில் பழங்களுக்கிடையே நூலாம்படையும் எச்சத் துகள்களும் தென்பட்டால், பெரும்பாலும் அதற்குக் காரணம் பிளோடியா அந்துப்பூச்சி அல்லது பாதாம் அந்துப்பூச்சியின் புழுக்களே. பிளோடியாவின் பெண் பூச்சி ஏறத்தாழ 100 முதல் 400 முட்டைகள் வரை இடும். வெப்பமான சூழலில் ஒரு தலைமுறை ஒரு மாதத்திற்குள்ளேயே முடிந்துவிடும். இவற்றைக் கொல்ல நெடுங்காலம் பயன்பட்ட மெத்தில் புரோமைடு என்னும் புகையூட்டு நச்சுவாயு, ஓசோன் படலத்தைச் சிதைப்பதால், மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி வளர்ந்த நாடுகளில் 2005லும் வளரும் நாடுகளில் 2015லும், சில விலக்குகள் நீங்கலாக, கைவிடப்பட்டது. மிஞ்சியிருக்கும் பாஸ்பீன் வாயுவுக்கோ பல பூச்சிகள் எதிர்ப்புத்திறன் பெற்று வருகின்றன.

ஆகவேதான் இப்பூச்சிகளின் முட்டையிலோ புழுவிலோ முட்டையிட்டு அவற்றை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளைப் பற்றி எழுத விரும்புகிறேன். இவற்றில் என்னை மிகவும் வியக்க வைப்பது ஹேப்ரோபிராக்கான் ஹெபெட்டார். இரண்டு மூன்று மில்லிமீட்டரே நீளமுள்ள இக்குளவி, புழுவின் எச்சமும் நூலும் வெளியிடும் வாசனையைப் பின்பற்றி வந்து, கொடுக்கால் குத்தி நஞ்சு செலுத்தி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய புழுவை அசைவற்றதாக்குகிறது. பிறகு அதன் உடல்மீது முட்டைகள் இடுகிறது. வெளிவரும் குஞ்சுகள் அப்புழுவின் உடற்சாற்றை உறிஞ்சி வளர்கின்றன. முட்டையிடத் தேவையானதைவிட அதிகமான புழுக்களை இது முடக்கிவிடுகிறது என்பதே நமக்குக் கிடைக்கும் பெரும் ஆதாயம். முற்றிய புழுக்கள் கூட்டுப்புழுவாவதற்காகப் பழத்தை விட்டு வெளியேறிச் சுவரிலும் இடுக்குகளிலும் ஊர்ந்து திரியும்போது இதன் வேட்டைக்கு எளிதில் ஆளாகின்றன.

டிரைக்கோகிரம்மா வேறு வகையில் உதவுகிறது. அரை மில்லிமீட்டர் அளவேயுள்ள இக்குளவி, அந்துப்பூச்சியின் முட்டைக்குள்ளேயே தன் முட்டையை இட்டு, புழு பிறப்பதற்கு முன்பே கதையை முடித்துவிடுகிறது. இதை ஒட்டுண்ணி அட்டைகளாகவே, அதாவது இக்குளவி வளரும் முட்டைகள் ஒட்டப்பட்ட காகித அட்டைகளாகவே, வாங்கலாம்.

குளவியே உணவில் கலந்துவிடாதா என்னும் கேள்வி நியாயமானது. சேமிப்பிலுள்ள முழுத் தானியங்களிலும் பொதியிட்ட உணவுப் பொருள் கிடங்குகளிலும் இத்தகைய குளவிகளைப் பயன்படுத்துவதற்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1992இல் எச்ச வரம்பு விலக்கு (உணவில் இவை எவ்வளவு தங்கலாம் என்னும் உச்ச அளவிலிருந்து விலக்கு) அளித்தது. குளவிகளின் உடல்கள் மிகச் சிறியவை. புழுக்கள் விட்டுச்செல்லும் கழிவோடு ஒப்பிட்டால் அவை அற்பமே என்பது என் கருத்து. ஆயினும் பொதியிடுவதற்கு முன் சலித்துச் சுத்தம் செய்வதில் தளர்ச்சி கூடாது.

புழு மலிந்துவிட்ட சரக்கைக் காப்பாற்றக் குளவிகளை விடுவதை நான் ஏற்கமாட்டேன். நெருக்கமாக அடைத்த பெட்டியின் ஆழத்திற்கு அவை சென்று சேர்வதில்லை. அத்தகைய சரக்கைப் பிரித்தெடுத்து, உள்மையம் வரை உறையும்படி மைனஸ் 18 டிகிரி செல்சியசில் சில நாட்கள் வைப்பதும், சிந்திய பழத்தைத் துடைத்தெடுப்பதும் முதலில் நடக்க வேண்டும். அதன் பிறகே, எஞ்சிய முட்டைகளையும் ஒளிந்திருக்கும் புழுக்களையும் தேட இரு குளவிகளையும் சேர்த்து விடுவது பயன்தரும். முதிர்ந்த டிரைக்கோகிரம்மாவின் வாழ்நாள் சில நாட்களே என்பதாலும், அந்துப்பூச்சிகள் ஒரே சமயத்தில் முட்டையிடுவதில்லை என்பதாலும், இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை புதிய அட்டை வைத்துவர வேண்டும். அக்காலத்தில் பூச்சிக்கொல்லித் தெளிப்பு எதுவும் கூடாது. பெண் பூச்சியின் வாசனையால் ஆண் பூச்சிகளை ஈர்க்கும் இனக்கவர்ச்சிப் பொறியை வைத்துக்கொள்ளலாம், அதில் சிக்கும் ஆண் அந்துப்பூச்சிகளின் எண்ணிக்கை வாரந்தோறும் குறைகிறதா என்று பார்த்து அடுத்த அட்டையைத் தீர்மானிக்கலாம்.