மருந்தடிப்பும் நரம்பும்

மன்னார்குடிப் பக்கம் சம்பாப் பயிருக்கு, மூக்கில் துண்டுகூடக் கட்டாமல் (அதை வீரம் என்றே நினைக்கிறார்கள்) மருந்தடித்த என் பெரியப்பாவுக்கு எச்சில் ஒழுகி, வியர்த்துக் கொட்டி, கண்பாவை கடுகளவாய்ச் சுருங்கியிருந்ததைக் கண்டதும் மருத்துவர் அட்ரோபின் ஊசி போட்டார்.

நரம்பு முனையில் வெளிப்படும் அசிட்டைல்கோலின் என்னும் செய்தி சுமக்கும் வேதிப்பொருள், எதிர்ச்செல்லின் ஏற்பியில் (செய்தியை வாங்கும் புரதத்தில்) பொருந்திச் செய்தியைச் சேர்த்தவுடன், கோலினெஸ்டரேஸ் என்னும் நொதி அதைச் சிதைத்துவிடும். ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து அந்நொதியை முடக்குவதால், வடிகால் அடைபட்ட வயலில் நீர் நிற்பதுபோல அசிட்டைல்கோலின் தேங்கி, ஏற்பிகளை ஓயாமல் தூண்டுகிறது. அட்ரோபின் நொதியை மீட்பதில்லை. மஸ்கரினிக் ஏற்பிகளில் தானே போய் அமர்ந்து, சுரப்பிகளுக்கும் இதயத்துக்கும் செல்லும் தூண்டுதலை மறிக்கிறது. எலும்புத் தசைகளில் இருப்பவையோ நிக்கோட்டினிக் ஏற்பிகள். அங்கே அதற்கு வேலையில்லை என்பதால், எச்சில் வற்றிய பின்னும் தசைத் தளர்ச்சி நீடித்து மூச்சைப் பாதிக்கக்கூடும் என்றுதான், வீட்டுக்கு அழைத்துப்போக அவசரப்படும் உறவினர்களிடம் மருத்துவர்கள் கறாராக மறுக்கிறார்கள்.