ஜப்பானியருக்கு ஆங்கிலப் பேச்சு சொல்லித்தரப் போகிறீர்களா?

நாற்பது வயது ஜப்பானியர் ஒருவர் ஆங்கிலம் பேசக் கற்றுக்கொள்ள வந்தால், தயவுசெய்து இலக்கணத்தில் ஆரம்பிக்காதீர்கள். பள்ளியிலேயே 6 ஆண்டுகள் அதைப் படித்து முடித்தவர் அவர். பல நிறுவனங்கள் கேட்கும் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வையும் எழுதியிருப்பார். 990 மதிப்பெண்ணுக்கான அந்தத் தேர்வில் கேட்பதும் வாசிப்பதும்தான். வாய் திறக்கவே வேண்டாம். அதில் 800 வாங்கியவர்கூட, "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் திணறுவார்.

அப்போது நாம் பேசாமல் இருக்க வேண்டும். இதுதான் மிகக் கஷ்டம், இதுதான் மிக முக்கியம். வாக்கியத்தை மனதுக்குள் முழுதாகக் கட்டி, சரிபார்த்து, அப்புறம்தான் சொல்வார். பாதியில் நாம் சொல் எடுத்துக் கொடுத்தால், மரியாதைக்காக அப்படியே நிறுத்திக்கொள்வார். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பிழைகளைக் குறித்துவைத்து, கடைசியில் இரண்டை மட்டும் சொல்லுங்கள்.

"ஹை, ஹை" (ஆமாம், ஆமாம்) என்று தலையாட்டுவதை வைத்துப் பாடத்தை நகர்த்தாதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டும் பழக்கம் அது. புரிந்ததா என்று கேட்பதைவிட, அதையே அவர் வாயால் சொல்லச் சொல்வது நல்லது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது 4-3-2 பயிற்சி. தெரிந்த விஷயம் ஒன்றை, தன் வேலையையோ சொந்த ஊரையோ பற்றி, நான்கு நிமிடம் பேச வேண்டும். அதையே மறுபடி மூன்று நிமிடத்தில், பிறகு இரண்டு நிமிடத்தில். விஷயம் மாறாததால் யோசிக்கும் பாரம் குறைந்து, சொற்கள் தாமாக வர ஆரம்பிக்கும். மூன்றாவது சுற்றில் தன் வேகத்தைக் கண்டு அவரே நிமிர்ந்து உட்காருவார். தயங்கும் பெரியவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சியை நான் பார்க்கவில்லை.

உச்சரிப்பில் எல், ஆர் வித்தியாசத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஜப்பானியச் சொற்களில் மெய்க்குப் பின் பெரும்பாலும் உயிர் வருவதால் 'டெஸ்க்' என்பது 'தெ-சு-கு' ஆகிவிடும். இதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். கைதட்டிக் காட்டுங்கள்: அவர் சொல்வதற்கு மூன்று தட்டு, ஆங்கிலத்தில் ஒன்றுதான்.

தமிழ் ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு. "போகலையா?" என்றால் நாம் "ஆமா, போகலை" என்போம். ஜப்பானியரும் அப்படித்தான், அதனால் ஆங்கிலத்தில் 'போனேன்' என்று பொருள்படும் 'யெஸ்'ஸைச் சொல்லிக் கேட்டவரைக் குழப்பிவிடுவார். நமக்குள்ளும் இருக்கும் பழக்கம் என்பதால் காரணம் சட்டென்று பிடிபடும். யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு 'ஐ டிடின்ட் கோ' என்று முழுதாகச் சொல்லப் பழக்குங்கள்.