சின்னத் தொட்டிக்கு எந்த மீன்?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் முதல்முறையாக மீன்தொட்டி வைக்கப்போகிறவர்களே, நிறத்தில் மயங்கி வாங்குவதற்கு முன் எந்த மீன் எதனோடு ஒத்துப்போகும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டைகர் பார்ப் கொள்ளை அழகுதான். ஆனால் கப்பி, பைட்டர் போன்ற நீளத் துடுப்பு மீன்களைக் கடித்துக் குதறிவிடும், பாவம். தங்கமீன் பெரிதாக வளரும், கழிவும் அதிகம். 40 லிட்டர் தொட்டிக்கு வேண்டவே வேண்டாம்.

என் தேர்வு ஹார்லிக்வின் ரஸ்போரா. சிங்கப்பூர், மலேசிய ஓடைகளின் சொந்த மீன் அது! நம் ஊர் வெப்பத்துக்கு ஹீட்டர் தேவையில்லை, 5 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. கூட்டமாக வாழும் இனம் என்பதால் ஆறேழு மீன்களையாவது சேர்த்து விடுங்கள். தனியாக விட்டால் பயந்து ஒளியும்.

அப்புறம், நம் குழாய்நீரில் கிருமிகளைக் கொல்லச் சேர்க்கும் குளோரமின் இருக்கிறது, அது மீனுக்கு ஆகாது. வாளியில் ஒருநாள் பிடித்து வைத்தாலும் போகாது. அதை நீக்கும் மருந்தைக் கலந்தே தொட்டியில் ஊற்றுங்கள்.