பெயர்த்தெடுத்த தண்டவாளத்தைத் தேடி: ஒன்பது வாரக் குறிப்புகள்

ஒன்பது வாரமாக இரவு நேரங்களில் எனக்கு ஒரே வேலைதான். அமெரிக்காவில் 1980இல் கைவிடப்பட்ட ஒரு ரயில் பாதையைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் கோடாக வரைந்து, அந்தப் பாதையில் இருந்த ஊர்கள் என்ன ஆயின என்று பக்கத்தில் எழுதி வைக்கிறேன். பாதையின் பெயர் மில்வாக்கி ரோடு. சிகாகோவிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போன தடங்களில் கடைசியாகப் போட்டவற்றில் ஒன்று. 1906இல் தொடங்கி 1909இல் மலைகளைத் தாண்டிக் கட்டி முடித்தார்கள். 1925, 1935, 1977 என மூன்று முறை அந்த நிறுவனம் திவாலானது. 1980 மார்ச்சில் மொன்டானாவின் மைல்ஸ் சிட்டிக்கு மேற்கே ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். அப்புறம் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்து விற்றார்கள்.

நான் எடுத்துக்கொண்டது மொன்டானாவின் ஹார்லோடனிலிருந்து வாஷிங்டன் மாநிலத்தில் கொலம்பியா ஆறு வரை, 650 மைலுக்கு மேல். தண்டவாளம் போனதால் ஊர் அழிந்தது என்பதை ஊர் ஊராகப் பதிவு செய்வதுதான் என் நோக்கமாக இருந்தது. அந்த வாக்கியம் நான்காவது வாரத்திலேயே ஆட்டம் கண்டுவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம்

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பழைய நில வரைபடங்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே இடத்துக்கு 1910களின் வரைபடம், 1950களின் வரைபடம் என அடுக்கி வைத்துப் பார்க்கலாம். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செயற்கைக்கோள் படத்தில் தேட ஆரம்பித்தேன்.

சமவெளியில் வேலை சுலபம். 1785ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த நாட்டின் நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரம் சதுரமாக அளந்து பிரித்திருக்கிறார்கள். வயல் வரப்பு, மண் சாலை எல்லாமே வடக்கு தெற்கு, கிழக்கு மேற்குதான். அந்தக் கட்டங்களின் நடுவே ஒரு கோடு சாய்வாக, மெல்ல வளைந்து போனால் அது பெரும்பாலும் ரயில் தடம். தண்டவாளம் இல்லை, ஸ்லீப்பர் கட்டை இல்லை, ஜல்லியும் மண்ணுக்குள் போய்விட்டது. ஆனாலும் அந்த இடத்தில் பயிரின் பச்சை வேறு மாதிரி இருக்கும். சில ஊர்களில் நடுத்தெரு ஒன்று மட்டும் மற்ற தெருக்களோடு ஒட்டாமல் கோணலாக ஓடும். ஸ்டேஷனைப் பார்த்துப் போட்ட தெரு அது. ஸ்டேஷன் போய் 40 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது, தெரு அதே பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறது. முதல் முறை இதைக் கவனித்த இரவு நான் வெகுநேரம் அந்தத் தெருவையே பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம்: இரண்டு தவறுகள்

முதல் தவறு கிளார்க் ஃபோர்க் ஆற்றுப் பள்ளத்தாக்கில். மிசூலாவுக்கு மேற்கே ஆற்றோரமாக நார்தர்ன் பசிபிக் நிறுவனத்தின் பாதையும் மில்வாக்கி பாதையும் அருகருகே போயின. அதில் முன்னது இன்றும் ஓடுகிறது. பின்னாளில் ஐ-90 நெடுஞ்சாலையும் அதே பள்ளத்தாக்கில் வந்து பழைய தடத்தைச் சில இடங்களில் விழுங்கிவிட்டது. எது யாருடைய பாதை என்று பார்க்காமல் ஒரு மாலை முழுக்க வரைந்ததை அழிக்க வேண்டியதாயிற்று. பழைய வரைபடத்தில் பாதையின் மேல் நிறுவனத்தின் பெயர் அச்சிட்டிருக்கும். அதைப் படித்துவிட்டுத்தான் வரையத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, வாஷிங்டனில் ஒரு பாசனக் கால்வாயை ரயில் தடம் என்று நினைத்து வெகுதூரம் போய்விட்டேன். இரண்டும் மேலிருந்து பார்க்க ஒரே மாதிரி வளையும். வித்தியாசம் என்னவென்றால், கால்வாய் ஒவ்வொரு மடிப்புக்கும் ஒதுங்கி உள்ளே போய் வெளியே வரும். மட்டத்தை விட்டு அதனால் நகர முடியாது. ரயில் தடம் சிறு மேட்டைக் குடைந்து போகும், சிறு பள்ளத்தில் கரை எழுப்பிக் கடக்கும்.

இதற்குப் பிறகு ஒரு சோதனையை வழக்கமாக்கிக்கொண்டேன். வரைந்த கோட்டின் உயர மாற்றத்தை வரைபட மென்பொருளில் பார்ப்பது. செயின்ட் பால் கணவாய் ஏற்றத்தில்கூட 100 அடிக்கு 1.7 அடிதான் இந்தப் பாதை ஏறியது. கொலம்பியா ஆற்றுக்கு மேற்கே சாடில் மலையில்தான் 2.2. என் கோட்டில் எங்காவது 4 அல்லது 5 வந்தால் அங்கே நான் தடத்தை விட்டு விலகியிருக்கிறேன் என்று பொருள். ஒரேயடியாக மட்டமாக இருந்தால் கால்வாய். காட்டுப் பகுதியில் மரம் மறைக்கும் இடங்களில் லைடார் உயரப் படம் (விமானத்திலிருந்து லேசர் ஒளி பாய்ச்சி நிலத்தின் உயரத்தை அளந்து எடுப்பது) கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். அதில் இலைதழை எல்லாம் நீங்கி, கரைமேடு தழும்பு போல எழுந்து நிற்கும்.

நான்காவது வாரம்: என் வாக்கியம் உடைந்த இடம்

ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று என் எல்லைக்கு வெளியே, கிழக்கே வடக்கு டகோட்டாவில் உள்ள மார்மர்த் என்ற ஊரைப் பார்த்தேன். மில்வாக்கி உருவாக்கிய ஊர். 1920 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1,318 பேர். 2020இல் 101 பேர். சரி, தண்டவாளம் போனதன் விளைவு என்று குறித்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கினால், ஊருக்குள் தண்டவாளம் இருக்கிறது! அந்தப் பகுதியை 1980களில் வேறு நிறுவனம் வாங்கிவிட்டது. இன்றும் அதில் சரக்கு ரயில் போகிறது. ரயில் இருக்கிறது, ஊர்தான் இல்லை.

நேர்மாறான ஊர் வாஷிங்டனில் இருக்கிறது, ஒதெல்லோ. மில்வாக்கியின் இன்ஜின் மாற்றும் இடம் அது. 1980இல் முதன்மைப் பாதையை இழந்தது. பழைய தடத்தில் ஒரு சிறு துண்டு மட்டும் உள்ளூர்ச் சரக்குக்காக உயிரோடு இருக்கிறது. என் கணக்குப்படி அந்த ஊர் தேய்ந்திருக்க வேண்டும். 1950இல் 526 பேர், 2020இல் 8,549 பேர். காரணம் தண்ணீர். 1950களில் கொலம்பியாப் படுகைப் பாசனத் திட்டத்தின் தண்ணீர் அந்த வறண்ட நிலத்துக்கு வந்து சேர்ந்தது. உருளைக்கிழங்கு வந்தது, அதைப் பதப்படுத்தும் ஆலைகள் வந்தன. நான் ரயில் தடம் என்று ஏமாந்த கால்வாயும் அந்தத் திட்டத்துடையதுதான். அதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கால்வாய் மேல் இருந்த எரிச்சல் போய்விட்டது.

இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த பிறகு என் ஊர்ப் பட்டியலில் ஒரு புதிய நெடுவரிசை சேர்த்தேன்: ரயில்வே இந்த ஊரில் என்ன வேலை வைத்திருந்தது? நீராவி இன்ஜினுக்குச் சில மைலுக்கு ஒருமுறை தண்ணீர் வேண்டும். ஏறக்குறைய 100 மைலுக்கு ஒருமுறை ஓட்டுநர் குழு மாற வேண்டும். லோகோ ஷெட், நிலக்கரி, பழுது பார்க்கும் ஆட்கள், அவர்கள் தங்கும் விடுதி, அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, எல்லாம் அந்த இன்ஜினைச் சுற்றி வந்தவை. டீசல் வந்தபோது அந்த நிறுத்தங்களுக்கே தேவையில்லாமல் போனது. ஒரு கம்பியைக்கூடப் பெயர்க்காமல் ஊரின் சம்பளம் போய்விட்டது. மார்மர்த்தின் கதை அதுதான். வேறு வேலை இருந்த ஊர் தாங்கியது, ரயில் வேலையை மட்டுமே நம்பியிருந்த ஊர் தாங்கவில்லை.

ஐந்து, ஆறு: மின்கம்பியின் ஊர்கள்

என் கோட்டின் தொடக்கமான ஹார்லோடன் இதில் இரண்டு முறை அடி வாங்கியது. ஹார்லோடனிலிருந்து ஐடஹோவின் ஏவரி வரை 440 மைல் தடத்தை 1915 முதல் 1917க்குள் மின்மயமாக்கினார்கள். ஹார்லோடனில் மின் இன்ஜினைப் பூட்டுவார்கள், ஏவரியில் கழற்றுவார்கள். இரண்டு ஊரும் அந்த வேலையில் வாழ்ந்தன. 1974 ஜூனில் மின் ஓட்டத்தை நிறுத்திவிட்டார்கள். எண்ணெய் விலை முந்தைய ஆண்டுதான் மளமளவென ஏறியிருந்தது. அந்த நேரத்தில் மின்கம்பியைக் கழற்றி டீசலுக்குப் போனது எனக்கு இன்றுவரை மனம் ஆறாத முடிவு. ஆறு ஆண்டு கழித்துத் தடமும் போயிற்று. ஹார்லோடனில் இப்போது ஆயிரத்துக்கும் குறைவான மக்கள்தான் இருக்கிறார்கள். பழைய மின் இன்ஜின் ஒன்றை ஊருக்குள் நிறுத்தி வைத்துப் பராமரிக்கிறார்கள்.

இன்னொரு பழைய மின் இன்ஜின் டீர் லாட்ஜில் காட்சிக்கு நிற்கிறது. அதன் வகைக்குப் பெயர் 'லிட்டில் ஜோ'. சோவியத் ஒன்றியத்துக்காகச் செய்து, பனிப்போர் தொடங்கியதால் அனுப்பாமல் நிறுத்திய 20 இன்ஜின்களில் 12ஐ மில்வாக்கி வாங்கிக்கொண்டது. ஜோ என்றால் ஜோசப் ஸ்டாலின். டீர் லாட்ஜும் பெரிய ரயில் ஊர்தான். ஆனால் அங்கே மாநிலச் சிறை இருக்கிறது, அரசாங்கச் சம்பளம் இருக்கிறது. ரயில் போன பிறகும் ஊர் நின்றது.

ஏவரியில் இப்போது சில பத்துப் பேர்தான். ஸ்டேஷன் கட்டடம் இருக்கிறது. ஊரிலிருந்து வடக்கே போகும் சாலை பழைய தடத்தின் மேலேயே ஓடுகிறது. ரயிலுக்காகக் குடைந்த சுரங்கங்களுக்குள் கார் போகிறது. அதே ஆற்றில் கீழே உள்ள செயின்ட் மேரிஸில் மர ஆலை இருந்தது. 1980இல் அந்த ஆலைக்காரர்களே ஒரு சிறு ரயில் நிறுவனத்தைத் தொடங்கித் தங்களுக்கு வேண்டிய தடத்தை ஓட்டினார்கள். சரக்கு உள்ளவர்களுக்குத் தடம் கிடைத்தது.

மலைக்கு மேலே டாஃப்ட் என்ற இடம். 8,771 அடி நீளமுள்ள செயின்ட் பால் கணவாய்ச் சுரங்கத்தைத் தோண்ட வந்தவர்களின் ஊர். 1910 ஆகஸ்டில் வந்த பெரும் காட்டுத்தீயில் அது எரிந்தே போனது. அந்தத் தீயில் மில்வாக்கி ரயில்கள் மக்களை ஏற்றிக்கொண்டு சுரங்கங்களுக்குள் போய் ஒளிந்து அவர்களைக் காப்பாற்றின. இன்று டாஃப்ட் என்பது நெடுஞ்சாலையில் ஒரு விலகு பாதையின் பெயர் மட்டும். அந்தச் சுரங்கத்தின் வழியாக இப்போது சைக்கிள் பாதை போகிறது: 15 மைல், 10 சுரங்கம், 7 உயரப் பாலம். கோடையில் கூட்டம் வருகிறது. ஆனால் பாதை பியர்சனோடு நின்றுவிடுகிறது, ஏவரி வரை வரவில்லை. அந்தச் சில மைல் இடைவெளியைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

ஏழாவது வாரம்: கோடு ஏன் அறுகிறது

வயல் பகுதியில் தடம் பத்து மைல் தெளிவாக வந்து, திடீரென்று உழுத நிலத்தில் காணாமல் போகும். இது எனக்குப் பெரிய புதிராக இருந்தது. விடை சொத்துரிமையில் இருக்கிறது. பல இடங்களில் ரயில்வேக்கு நிலம் சொந்தமில்லை, கடந்து போகும் உரிமை மட்டுமே இருந்தது. ரயில் நின்றதும் நிலம் பக்கத்து உடைமையாளருக்குத் திரும்பிவிடும். 1875ஆம் ஆண்டுச் சட்டப்படி கொடுத்த தடங்களும் அப்படித்தான் என்று 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிராண்ட் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தடத்தைத் துண்டாக்காமல் நடைபாதையாக வைத்துக்கொண்டு, பின்னால் தேவைப்பட்டால் ரயிலுக்கே திருப்பித் தரலாம் என்ற ஏற்பாடு சட்டமானது 1983இல். மில்வாக்கி போன மூன்று ஆண்டுக்குப் பிறகு! வாஷிங்டனில் மட்டும் 1980களின் தொடக்கத்திலேயே மாநில அரசு தடத்தை வாங்கியது. அதனால்தான் ஐடஹோ எல்லையைத் தாண்டியதும் என் கோடு பெரிதாக அறுபடாமல் ஓடுகிறது.

இந்த வாரம் தானியக் கிடங்குகளையும் குறித்தேன். எலிவேட்டர் என்று சொல்வார்கள், கோபுரம் போல உயரமானவை, ரயில் பெட்டியில் கோதுமையைக் கொட்டுவதற்காகக் கட்டியவை. தடம் போன பிறகு கோதுமை லாரியில் வேறு ஊர்க் கிடங்குக்குப் போகிறது. அந்தச் செலவு விவசாயிக்குத் தரும் விலையிலிருந்துதான் கழியும். லாரியின் எடையில் ஊர்ச் சாலை உடையும். ரயில்வே கட்டிய சொத்து வரி நின்றுபோவதால் பள்ளிக்கூடத்தின் வருமானமும் குறையும். இவை எதுவும் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது. பள்ளிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் வண்டியே நிற்காததைத்தான் பார்க்க முடிகிறது.

எட்டு, ஒன்பது

வாஷிங்டனின் மால்டன். 1920வாக்கில் ஆயிரம் பேர் இருந்த ரயில் ஊர், இந்த நூற்றாண்டில் 200 பேர் சொச்சம். 2020 செப்டம்பர் 7 அன்று காற்றோடு வந்த தீயில் ஊரின் 80 விழுக்காடு கட்டடங்கள் எரிந்தன. அஞ்சல் நிலையம், நூலகம், தீயணைப்பு நிலையம் எல்லாம் போயின. தீக்கு முன் எடுத்த படம், பின் எடுத்த படம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். வீடுகள் இருந்த இடத்தில் சாம்பல் நிறச் சதுரங்கள். பழைய தடம் மட்டும் இரண்டு படத்திலும் அதே இடத்தில். அன்று அதற்கு மேல் வரையவில்லை.

ஒன்பதாவது வாரம் பெவர்லி பாலத்தை அடைந்தேன். கொலம்பியா ஆற்றின் மேல் அரை மைலுக்கும் கூடுதலான நீளம். பல ஆண்டு பூட்டிக் கிடந்ததைச் சீரமைத்து 2022இல் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் குதிரைக்கும் திறந்துவிட்டார்கள்.

கோடு முடிந்துவிட்டது. கிளார்க் ஃபோர்க் பள்ளத்தாக்கில் நெடுஞ்சாலை விழுங்கிய நான்கைந்து துண்டுகளை மட்டும் புள்ளிக் கோடாக வைத்திருக்கிறேன். அவற்றுக்கு 1950களின் விமானப் படங்களைத் தேடி எடுக்க வேண்டும். அடுத்து ஹார்லோடனிலிருந்து லூயிஸ்டவுனுக்குப் போன கிளை. இந்த முறை தடத்தை வரைவதற்கு முன்பே ஒவ்வொரு ஊருக்கும் அந்தப் புதிய நெடுவரிசையை நிரப்பிவிடப் போகிறேன்.