நல்ல கணினிக்கு என்ன குறை?

2025 ஒக்டோபர் 14, செவ்வாய்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு இன்றோடு முடிகிறது. 2015 ஜூலையில் வந்தது, பத்து வருடம் ஓடிவிட்டது. திருகோணமலையில் என் கணினிக் கடையைக் காலையில் திறந்ததில் இருந்து இதே கதைதான். உவர்மலையில் இருந்து டீச்சர் தன் லப்டொப்பைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார். "தம்பி, இது நல்லாத்தானே வேலை செய்யுது? பிறகேன் புதுசு வாங்கச் சொல்லுது?"

நியாயமான கேள்வி. விண்டோஸ் 11 ஏற வேண்டும் என்றால் டீபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது இருக்க வேண்டும். டீச்சருடையது ஏழாம் தலைமுறை. திரை பளிச்சென்று இருக்கிறது, கீபோர்டில் ஓர் எழுத்துக்கூட அழியவில்லை, பிணைச்சல் இறுக்கமாக நிற்கிறது. இதைப் பழசு என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏழாம் தலைமுறைச் சிப் ஒன்றுக்கு விதிவிலக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மைக்ரோசொப்டின் சொந்தத் தயாரிப்பான சர்பேஸ் ஸ்டூடியோ 2-இல் இருப்பது அந்தச் சிப். அப்படியென்றால் முடியாது என்பதல்ல, மாட்டோம் என்பதுதான்.

ஆதரவு முடிந்தால் மெஷின் நின்றுவிடாது என்று டீச்சருக்கு விளக்கினேன். பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, அவ்வளவுதான். ஆனால் வங்கி வேலை பார்க்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்க வழி இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸைச் சேமிக்க விட்டால் இலவசம், இல்லையென்றால் 30 டொலர். டீச்சருக்கு இரண்டிலும் விருப்பமில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டேன். லப்டொப்பை என்னிடமே விட்டுவிட்டுப் போனார்.

ஒக்டோபர் 16, வியாழன்

இன்று முழுக்கப் பாமினி எழுத்துருவோடு மல்லுக்கட்டு. ஒரு சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், பென் ட்ரைவில் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பழைய கணினியில் அழகான தமிழ். செயலாளரின் போனுக்கு அனுப்பினால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். வைரஸ் என்று நினைத்துப் பயந்துபோயிருக்கிறார்கள்.

வைரஸ் ஒன்றும் இல்லை. பாமினி வெறும் எழுத்துரு. 'தமிழ்' என்று அடித்தால் உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கிற கணினி அதைத் தமிழாகக் காட்டும், இல்லாத போன் உள்ளதை உள்ளபடி காட்டும். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில், தமிழ் எழுத்துகளுக்கும் கொம்பு, கால் போன்ற குறிகளுக்கும் என்றே தனி எண்கள் உண்டு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் இன்னமும் கடிதம் பாமினியில் வருகிறது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளை அச்சகங்கள் விடாததும் ஒரு காரணம். அதன் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது, யூனிகோடுத் தமிழ் அதில் ஒழுங்காக வராது.

பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போட்டு எடுத்த பிறகும் கரைச்சல் தீரவில்லை. 'கௌ' என்று தொடங்கும் பெயர் ஒன்றைத் தேடினால் இல்லை என்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கிறது! பார்த்தால், ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் தனித்தனியாகக் கிடக்கின்றன. திரையில் வித்தியாசம் தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். மாற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பெயர் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அந்த ஆள் பட்டியலில் இல்லை என்றுதான் அலுவலகத்தில் பதில் சொல்வார்கள்.

ஒக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு முந்திய சனி, கடையில் கூட்டம். அந்த நேரம் பார்த்துப் பிரின்டர் நின்றது. மை இருக்கிறது, தாள் சிக்கவில்லை. கழிவு மையை உறிஞ்சும் பஞ்சு நிரம்பிவிட்டதாம். கழற்றிப் பார்த்தேன், பாதி காய்ந்துதான் இருந்தது. இந்த மாதிரிப் பிரின்டர்கள் பஞ்சைத் தொட்டுப் பார்த்துச் சொல்வதில்லை. மை தெளிக்கும் தலையை எத்தனை தடவை கழுவினோம் என்று கணக்கு வைத்து, எண் நிரம்பியதும் நிறுத்திவிடும். பஞ்சை மாற்றலாம், எண்ணை அழிக்கக் கம்பனியிடம் போகச் சொல்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்த எண்ணைத் திரும்பப் பூச்சியமாக்கும் உரிமை இருக்கத்தான் வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. கடை பூட்டு. கனடாவில் இருந்து வந்த மச்சானின் ஐபோனுக்கு என் சாதாரண சார்ஜர் வயரே பொருந்தியது. 2023-இல் வந்த ஐபோன் 15-இல் இருந்து அவர்களும் யூஎஸ்பி-சிக்கு வந்துவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் முதல் போன்களுக்கு ஒரே சார்ஜர் என்று சட்டம் போட்டதன் பலன் திருகோணமலை வரை வந்திருக்கிறது. அதே ஒன்றியம் 2027 பெப்ரவரியில் இருந்து, பட்டரியைப் பாவிக்கிறவரே கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. அதற்காகத்தான் நான் காத்திருக்கிறேன். கடற்கரை ஊரில் உப்புக் காற்று சார்ஜ் போர்ட்டை அரிக்கிறது, வெயில் பட்டரியை ஊத வைக்கிறது. பசை போட்டு ஒட்டின பட்டரி எங்களுக்குச் சரிவராது.

ஒக்டோபர் 25, சனி

டீச்சரின் லப்டொப் தயார். பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட்டு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் ஏற்றினேன். தமிழ் அடிக்க ரெங்கநாதன், தமிழ்99, டைப்ரைட்டர் என்று தெரிவு செய்ய விசைப்பலகை முறைகள் நிறைய இருக்கின்றன. டீச்சர் டைப்ரைட்டிங் வகுப்பில் பழகியவர், அதனால் அதையே எடுத்தார். முதல் வரியைப் பார்க்காமலேயே அடித்தார்.

குறையும் உண்டு, மறைக்கவில்லை. வேர்டில் செய்த வினாத்தாளை, அதற்குப் பதிலாக லினக்ஸில் இருக்கிற லிப்ரே ஒபிஸில் திறந்தால் அட்டவணைகள் இடம் மாறுகின்றன. அவருடைய ஸ்கானரை லினக்ஸில் இயக்கும் டிரைவர் மென்பொருள் கிடைக்கவில்லை, ஸ்கான் செய்ய என் கடைக்குத்தான் வர வேண்டும்.

"அது பரவாயில்லை தம்பி, பழைய கேள்வித்தாள் எல்லாம் பாமினியில கிடக்கு, அதை என்ன செய்யிறது?" என்றார். பென் ட்ரைவைத் திங்கட்கிழமை கொண்டுவரச் சொன்னேன். மாற்றியில் போட்டுவிட்டு முதலில் 'கௌ', 'மௌ' எல்லாவற்றையும் தேடிப் பார்க்க வேண்டும்.