ஸ்பீக்கரில் 'ஊம்' சத்தமா? எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

நாதஸ்வரம் ஓய்ந்த இடைவெளியில், யாரோ சுருதிப்பெட்டியை அணைக்க மறந்ததுபோல ஒரு 'ஊம்' கேட்கும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் டிஷ், ஆம்ப், சப்வூஃபர் மூன்றும் சேர்ந்த வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் எர்த் லூப்தான் காரணம்; அதாவது, கேபிளால் இணைந்த கருவிகள் வெவ்வேறு வழிகளில் எர்த்துக்குப் போவதால் உண்டாகும் சுற்று. ஆம்ப்பைப் பழுது பார்க்கக் கொடுக்கும் முன் இதைச் சரிபாருங்கள்.

முதலில் வால்யூமைத் திருகுங்கள். சத்தம் கூடிக் குறைந்தால், அது கேபிள் வழியாக உள்ளே வருகிறது. அசையாமல் நின்றால், எல்லா இன்புட்டையும் கழற்றிய பிறகும் கேட்டால், ஆம்ப்பின் பவர் சப்ளை கப்பாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். ப்ளக்கைப் பிடுங்கிய பின்னும் அவற்றில் மின்சாரம் தங்கும். அது மெக்கானிக்கின் வேலை.

கேபிள் வழி வருவதென்றால், ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஆம்ப்பை அணைத்துவிட்டே கை வையுங்கள். டிஷ் கேபிளிலிருந்து தொடங்குவது நல்லது. டிகோடரை (டிஷ் டிவி பெட்டியை) சுவர் ஸ்விட்சிலேயே அணைத்துவிட்டுத் திருகிக் கழற்றுங்கள்; அந்தக் கேபிளின் நடுக்கம்பியில் எல்என்பிக்கு (டிஷ்ஷின் முன்னால் சிக்னலைப் பிடிக்கும் கருவிக்கு) போகும் 13 அல்லது 18 வோல்ட் இருக்கும், அது கேபிளின் உலோக உறையில் பட்டால் ஷார்ட் ஆகும்.

கழற்றியதும் 'ஊம்' நின்றுவிட்டதா? ஆம்ப் தன் ப்ளக் வழியாக எர்த்துக்குப் போகிறது. டிஷ் கேபிளின் உறை கூரைக் கம்பம் வழியாகப் போகிறது. இரண்டு எர்த்துக்கும் இடையே சிறு வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆடியோ கேபிளின் உறையில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும். ஆம்ப் அதையும் பாட்டோடு சேர்த்துப் பெருக்கிவிடும்.

கேபிளின் நடுவே மின் தொடர்பை அறுக்கும் சாதாரண ஆன்டெனா ஐசொலேட்டர் இங்கே உதவாது. எல்என்பிக்குப் போகும் வோல்ட்டையும் அது தடுத்துவிடும், படமே வராது. டிகோடரிலிருந்து ஆம்ப்புக்கு ஆப்டிகல் கேபிள் போடுங்கள். அதில் போவது வெளிச்சம்தான், செம்பு கிடையாது. டிவிக்கும் ஆம்ப்புக்கும் நடுவே எச்டிஎம்ஐ இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். விட்டால் லூப் அந்த வழியில் முடிந்துவிடும். பழைய ஆம்ப்பில் சத்தமே வராவிட்டால் டிகோடரின் ஆடியோ அவுட்புட்டைப் பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) ஆக்குங்கள். ஆப்டிகல் இல்லாத ஆம்ப்பென்றால் ஆர்சிஏ கேபிளில் (சிவப்பு, வெள்ளை முனை ஆடியோ கேபிளில்) 1:1 ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்; அது நேரடி மின் தொடர்பில்லாமல் ஒலியை மட்டும் கடத்தும். மலிவானதில் மிருதங்கத்தின் தொப்பி அடங்கிப்போகும், பார்த்து வாங்குங்கள்.

சப்வூஃபரை எதிர்ச் சுவர் சாக்கெட்டில் செருகியிருந்தால், ஆம்ப் இருக்கும் சாக்கெட்டுக்கே மாற்றுங்கள். 16 ஆம்ப்பியர் சாக்கெட் ஒன்று டிவி, டிகோடர், ஆம்ப், சப்வூஃபர் நான்கையும் தாராளமாகத் தாங்கும். ஹீட்டரை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

எர்த் பின்னை வெட்டுவதோ எர்த் இல்லாத அடாப்டர் போடுவதோ கூடவே கூடாது. சத்தம் நிற்கும், உண்மைதான். ஆனால் உள்ளே இன்சுலேஷன் கெட்ட நாளில் 230 வோல்ட் பெட்டியின் உலோகத்தில் வந்து நிற்கும். எர்த் இருந்தால் 30 மில்லிஆம்ப்பியர் எர்த் லீக்கேஜ் ஸ்விட்ச் (கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பது) அப்போதே விழுந்திருக்கும். இல்லாதபோது, யாராவது தொடும்வரை அதற்கு எதுவும் தெரியாது.

லோட்ஷெடிங் (மின்வெட்டு) நேரத்தில் மட்டும் 'ஜிர்ர்' என்றால் இன்வெர்ட்டரைப் பாருங்கள். படிப்படியான அலை தரும் மாடிஃபைட் சைன் வகையாக இருந்தால், சீரான அலை தரும் ப்யூர் சைனுக்கு மாற்றுவதே வழி. ப்யூர் சைனிலும் இரைந்தால், இன்வெர்ட்டர் பக்கம் நியூட்ரல்–எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று பதிவு பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதியுங்கள்.